முப்பத்தொன்றாம் குழாய்

“துரை, உங்க ரத்தம் அஞ்சு மில்லி வேணும்” என்றேன்.

எஸ்டேட்டை நிர்வகிக்கும் துரை நல்லுசாமி தன் ஆபீஸில் ரொட்டியில் ஸ்ட்ராபெரி ஜாம் தடவிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது. கட்டைவிரலில் வழிந்த சிவப்பை நக்கினார். என்னைப் பார்க்கவில்லை. என் பேராசிரியரைப் பார்த்தார், நாய் குரைத்தால் அதை இழுத்துவந்தவனைப் பார்ப்பார்களே, அப்படி.

பேராசிரியர் டாக்டர் செல்வராஜுவின் காதுமடல் கறுத்துப்போனது. கோலாலம்பூரிலிருந்து வந்த ஜீப்பில், தாப்பாவுக்கு மேலே ஒவ்வொரு வளைவிலும் நான் குமட்டலை விழுங்கிக்கொண்டிருக்க, அவர் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். எஸ்டேட்காரர்கள் யாரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்களோ அவர்களுக்கு மட்டும் ஊசி போடு. ஆபீஸ் பக்கமும் பங்களா பக்கமும் ஊசியைத் தூக்கிக்கொண்டு போகாதே. உள்ளே விட்டவரிடமே கையை நீட்டச் சொல்வது மரியாதை இல்லை.

“என் ரத்தம் எதுக்கும்மா?” துரை இப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். “நானா மருந்து அடிக்கிறேன்?”

“அடிக்கலைங்கிறதுக்காகத்தான் துரை.”

சுவரோரம் நின்ற டிரெஸ்ஸர் நாகப்பன் இருமினார். எஸ்டேட் மருந்தகத்தை இருபது வருடமாக நடத்துபவர். சிரிப்பை இருமலாக மாற்றுவதில் தேர்ந்தவர்.

“கொழுந்து எடுக்கிற பொம்பளைங்க பதினெட்டு பேரு குடுத்தாங்கல்ல? அவங்களும்தான் மருந்து அடிக்கல. அது பத்தாதா?”

பத்தாது. ஏன் பத்தாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். காரணத்தைச் சொன்னால் ஒரு குடும்பம் வீட்டை விட்டு இறங்கவேண்டி வரும்.

“மிஸ் அம்மு, நீங்க கொஞ்சம் வெளியே இருங்க” என்றார் பேராசிரியர்.

என் பெயர் அம்மு இல்லை. அம்மாக்கண்ணு. ரிங்லெட்டுக்கு மேலே இன்னொரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கும் காளியம்மாவின் மகள். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். அந்தப் பெயரை அவர் வாயில் வைக்கக் கூசியதால் எனக்குச் செல்லப்பெயர் வைத்திருந்தார்.

வெளியே போய் ஆபீஸ் வராந்தாவில் நின்றேன். ரொட்டியின் வெண்ணெய் வாசனை ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது. வாயில் எச்சில் ஊறியது. அதற்காக என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

நான் செய்யும் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மூளையில் தண்ணீரைக் கழித்துவிட்டால் மிச்சத்தில் பாதிக்குமேல் கொழுப்பு. கொழுப்பு கெட்டுப்போகும். மூடாமல் வைத்த எண்ணெயில் சிக்கு வாடை வருகிறதே, அதே சங்கதிதான். உடம்புக்குள் பிராணவாயு அடங்காமல் திரிந்து கொழுப்பை அரிக்கும்போது ஒரு கழிவு மிஞ்சுகிறது. மூளையைத் திறந்து முகர்ந்து பார்க்க முடியாது என்பதால் அந்தக் கழிவை ரத்தத்தில் தேடுகிறோம். ரத்தத்தைச் சுழற்றி, மேலே தெளியும் நீரை எடுத்து, நாறும் ஒரு அமிலத்தோடு வேகவைத்தால் ரோஸ் நிறம் வரும். ரோஸ் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு சேதம். கருவி அதை எண்ணாக்கிக் கொடுக்கும்.

இரண்டு மூன்று வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் சில இளவட்டங்கள் கள்ளத்தனமாகக் காய்ச்சிய போதை மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டு, சில நாளிலேயே கிழவர்களைப்போல விறைத்து நடுங்கிப்போனார்கள். அந்த மருந்து உடம்புக்குள் என்னவாக மாறுகிறதோ, அதன் உருவமும் நம் எஸ்டேட்களில் புல்லைக் கொல்ல அடிக்கிற மருந்தின் உருவமும் அண்ணன் தம்பி மாதிரி. பேராசிரியர் அதைப் பிடித்துக்கொண்டார். மருந்து அடிப்பவர் பதினெட்டுப் பேர், ஒப்பிட்டுப் பார்க்க மருந்து தொடாதவர் பதினெட்டுப் பேர். 1985 பிப்ரவரியில் வந்து எடுத்தோம். ரிங்லெட் மீன்கடையில் ஐஸ் வாங்கிக் குழாய்களைப் புதைத்து, வழியெல்லாம் மீன் கவிச்சியோடு கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

அந்த எண் ஒரு ஆளின் நோயைச் சொல்லாது. எதனால் வந்தது என்றும் சொல்லாது. கூட்டத்தோடு கூட்டத்தை ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியலாம், அவ்வளவுதான். ஒப்பிட எடுக்கிற கூட்டமே கோணலாக இருந்தால் அதுவும் தெரியாது.

இந்த எஸ்டேட்டில் ஒரு வீடு மட்டும் அந்த எண்களுக்காகக் காத்திருந்தது. செல்லையா, வயது ஐம்பத்திரண்டு, பதினெட்டு வருடம் மருந்து அடித்தவர். ஜனவரியில் காலைப் பெரட்டில், ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் நேரத்தில், துரையின் கண்ணெதிரே முதுகில் மருந்துப் பம்போடு மல்லாக்க விழுந்தார். டிரெஸ்ஸர் அட்டையில் ‘கை நடுக்கம், சம்சு’ என்று எழுதினார், சாராயத்தால் வந்ததென்று. குடிகாரன் என்றால் வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும். தொழிற்சங்கத்துக்காரர்கள் போய், ஆளுக்கு நோய், கேட்டில் காவல் வேலை கொடுங்கள் என்று கேட்டபோது துரை நியாயவானாகிவிட்டார். “யுனிவர்சிட்டி ரிப்போர்ட் வரட்டும். மருந்து அடிக்கிறவன் ரத்தம் வித்தியாசமா இருந்தா காவல் வேலை. இல்லாட்டி மாசக் கடைசியில பொட்டியக் கட்டட்டும்.”

ரிப்போர்ட் வந்துவிட்டது. வித்தியாசம் இல்லை. இரண்டு கூட்டத்துக்கும் சராசரி ஏறக்குறைய ஒன்று. முப்பத்தாறு பேரிலும் உச்சம் முப்பத்தொன்றாம் குழாய். கருவியைத் துடைத்து மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் அதே அடர்ந்த ரோஸ். பட்டியலில் முப்பத்தொன்று, வேலாயி, கொழுந்து. செல்லையாவின் மனைவி. செல்லையா ஏழாம் குழாய், அவர் எண் நடுவாந்தரம்.

அதனால்தான் நேற்று ரிப்போர்ட்டோடு மலையேறி வந்ததும் முதலில் அந்த வீட்டுக்குப் போனேன். ஐந்து மணி இருக்கும். மழை விட்டு, லயத்துக் கூரைத் தகரங்களில் பனி படுத்திருந்தது. சாக்கடையில் சோப்புத் தண்ணீரும் கோழி இறகும் தேங்கி நின்றன.

அம்மாவோடு முன்பு கொழுந்து எடுத்தவர் என்பதால் எனக்கு அத்தை ஆன வேலாயி, கதவைத் திறந்ததும் என் கைகளைத்தான் முதலில் பார்த்தார். “ஊசி வச்சிருக்கியா? இருந்தா வெளியவே வச்சிரு. போன தடவ குத்துன எடம் ஒரு வாரம் கன்னிப்போயி கெடந்துச்சு.”

“இல்ல அத்தை. சும்மா வந்தேன்.”

“படிச்ச புள்ளைங்க சும்மா வருமாலா? உள்ள வா, காலக் கழுவிட்டு வா. ஒங்கம்மா எப்பிடி இருக்கா? இன்னும் நாலு பேரு கொழுந்த ஒருத்தியா எடுக்கறாளா?”

செல்லையா மாமா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் எதுவும் அசையவில்லை. வலது கை மட்டும் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் உரசிக்கொண்டு, இல்லாத பீடியை ஓயாமல் சுருட்டிக்கொண்டிருந்தது.

“ஒங்க மாமாவ ஏன் அப்பிடி பாக்கற? நல்லாத்தான் இருக்காரு. தாப்பாவுலேர்ந்து முருங்கக்கீர வந்துச்சுன்னா கொத்த இவரு கையில குடுத்துருவேன். உருவவே வேணாம், அதுவா உதுந்துரும்.”

மாமாவின் தொண்டையில் ஒரு ஓசை வந்தது. அது சிரிப்பு என்று அத்தைக்குத் தெரிந்திருந்தது. முகத்துக்குத்தான் சிரிக்க மறந்துவிட்டது.

“இந்த மனுசன் குடிகாரனாம்” என்றார் அத்தை. “தீவாளிக்கே பீர்ல வாய வச்சிட்டு கசக்குதுன்னு துப்புன ஆளு. அந்த நாகப்பன் வாய மோந்து பாத்தானா? அட்டையில எழுதிட்டான். அவன் வாயத் தொறந்தா பெராந்தி நாத்தம் ஊரத் தூக்குது.”

சோறு போட்டார். நெத்திலிச் சம்பல், காய்கறி லோரியில் கழித்துப்போட்ட முட்டைக்கோஸின் மேலிலையில் ஒரு பொரியல். அடுப்புக்கு மேலே கொடியில் மாமாவின் வேலைச்சட்டை காய்ந்தது. அதிலிருந்து வந்த வீச்சம் சம்பலின் மணத்தைத் தின்றது. மருந்தைத் தெரியாமல் குடித்துவிடக்கூடாதென்று கம்பெனிக்காரனே அதில் நாற்றத்தைக் கலந்து விற்கிறான். அந்தச் சட்டைக்குக் கீழேதான் இவர்கள் தினமும் சாப்பிடுகிறார்கள். எனக்கு ஒரு பிடிச் சோறுகூட இறங்கவில்லை.

அத்தை மாமாவுக்காகச் சோற்றைப் பிசைந்தார். அப்போதுதான் விரல்களைக் கவனித்தேன். கொழுந்துக்காரி மகளுக்குக் கொழுந்துக்காரி நகம் தெரியாதா? கறை ஏறிக் கறுத்து, ஓரம் பிளந்திருக்கும். அத்தையின் வலது கையில் மூன்று நகங்கள் வெள்ளையாகக் கோடு விழுந்து சதையை விட்டுக் கிளம்பி நின்றன. சுண்டுவிரலில் நகமே இல்லை. அது மருந்து கலக்குபவர்களின் கை.

“அத்தை, பம்பு யாரு தூக்குறா?”

பிசைந்த கை நின்றது.

“நான்தான்” என்றார் மாமா. குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல இருந்தது.

“உங்களக் கேக்கல மாமா.”

அத்தை எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “பெரட்டுல பேரு கூப்புடறப்ப இவருதான் நிப்பாரு. காலிப் பம்பு இவரு முதுகுலதான் இருக்கும். மூணாவது வளைவு வரைக்கும் தூக்கிட்டு வந்து பாலத்துக் கட்டையில எறக்கி வச்சிருவாரு. நான் கொழுந்த நிறுத்துப் போட்டுட்டு ஒரு மணிக்கு ஓடுவேன். இவருக்கு ஒதுக்குன தேயில நெரய நான் அடிச்சு முடிப்பேன். பேரு அவரோடது, முதுகு என்னோடது. நாலு வருசமாச்சு கண்ணு.”

“நாலு வருசமா!”

“கத்தாத. மூடி ஒழுகும், முதுகுல பச்சத் தண்ணியா எறங்கும், வெந்துரும். தேங்காண்ணெ தடவிக்கிட்டா சரியாயிரும். இது யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா ஆள் மாத்தி வேல செஞ்சீங்கன்னு அன்னிக்கே வீட்டப் புடுங்கிருவான். சொல்லிராத. படிச்ச திமிருல எங்கயாவது ஒளறிராத.”

சொல்லமாட்டேன் என்றேன். இரவெல்லாம் யோசித்ததில் ஒரே வழிதான் தெரிந்தது. அத்தையைப் பற்றி வாய் திறக்காமல் ஒப்பீட்டைச் சரிசெய்ய வேண்டுமென்றால், மருந்தின் காற்றே படாத ரத்தம் வேண்டும். அது இந்த மலையில் ஆபீஸிலும் பங்களாவிலும்தான் ஓடுகிறது. அதனால்தான் கேட்டேன்.

வராந்தாவுக்கு டிரெஸ்ஸர் நாகப்பன் வந்தார். சிகரெட்டைப் பற்றவைத்து, தீக்குச்சியை ரோஜாச் செடிக்குள் எறிந்தார்.

“நீ காளியம்மா மகதான? நல்லாப் படிச்சிட்ட. ஆனா நெளிவு சுளிவு தெரியல புள்ள. துரைகிட்டப் போயி ரத்தம் கேக்கற. கேக்கறவ எதுக்குன்னு சொல்லணும்ல?”

“சொல்ற மாதிரி இல்ல.”

“வேலாயி பம்பு தூக்குறாளே, அதச் சொல்ல முடியாதுங்கிற.” புகையை என் பக்கம் விடாமல் மரியாதையாகத் திரும்பி ஊதினார். “அட, எல்லாருக்கும் தெரியும்லா. கங்காணிக்குத் தெரியும், ஆபீஸ் கிராணிக்குத் தெரியும், துரைக்கும் தெரியும். வேலாயி மட்டுமா? அந்தப் பதினெட்டுல ஏழு பேரு புருசன் பேர்ல தூக்குறவளுங்க. லிஸ்ட்ட எழுதுனது நான்தான். யார் யார எடுக்கணும்னு டிக் போட்டது துரை.”

“எங்க டாக்டருக்கு?”

“நேத்து ராத்திரிச் சாப்பாட்டுல பேச்சு வந்துச்சு. கோழிக்கறி நல்லாருக்குன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல.”

“இது பொய்யில்லையா டிரெஸ்ஸரே?”

“யாரு பொய் சொன்னா? யாரும் கேக்கல, யாரும் சொல்லல. நீ வாயத் தொறந்தேன்னு வை, ஆள் மாத்துன குத்தம் செல்லையா தலையிலதான் விடியும். நான் பென்சனுக்கு ரெண்டு வருசம் இருக்கிற ஆளு. ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.” அதை அவர் உண்மையாகவே நல்லதுக்கென்று நம்பிச் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆபீஸ் கடிகாரத்தில் ஒன்றடிக்கப் பத்து நிமிடம். நடக்க ஆரம்பித்தேன். பிறகு ஓடினேன்.

மூன்றாவது வளைவில், பாலத்துக் கட்டையில் மாமா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பம்பு. அத்தை கூடையை இறக்கிவிட்டு, தலையில் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தார். தூறல் பிடித்திருந்தது.

“நீ எங்க இங்க? கங்காணி பாத்துருவான், போ!”

“பாக்கட்டும் அத்தை. அவங்களுக்கு எல்லாம் தெரியும்.”

டிரெஸ்ஸர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். அத்தை சாக்கின் முடிச்சை இறுக்கினார், அவிழ்த்தார், மறுபடி இறுக்கினார்.

“தொரைக்குமா?”

“துரைக்கும்.”

“கங்காணி வர்ற சத்தம் கேட்டா செடிக்குள்ள குப்புறப் படுப்பேன். மருந்து அடிச்ச ஈரத்துலயே படுப்பேன். மூக்குல ஏறும், இருமல் வரும், வாயில துணிய அடச்சுக்குவேன். அப்பல்லாம் தெரியுமா அவனுக்கு?”

ஆமென்று தலையாட்டினேன்.

“தெரிஞ்சுக்கிட்டு அந்தப் பக்கமா நடந்து போனானா?” அத்தை மண்ணில் துப்பினார். மறுபடி துப்பினார். “நாலு வருசம்டி. எனக்குள்ள நான் எம்புட்டு கெட்டிக்காரின்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

பிறகு கோபம் என் பக்கம் திரும்பியது. “நீயும்தான வந்த? சீனி பிஸ்கட் ரெண்டக் குடுத்து ரத்தத்த உறிஞ்சிட்டுப் போன. அத வச்சே எம்புருசன் குடிகாரன்னு சொல்லப்போறான். ஒன் படிப்ப வச்சு என்ன கிழிச்ச?”

“ஒண்ணும் கிழிக்கல அத்தை.”

“அந்தத் தாள்ல எம்பேருக்கு நேரா என்ன போட்டிருக்கு?”

“கொழுந்துன்னு.”

“அத அடி. மருந்து அடிக்கிறவன்னு போடு. தூக்குனது நான்தான?”

மாமா எழுந்திருக்க முயன்றார். முடியவில்லை. “வேணாம்” என்றார். “பொண்டாட்டிய சொமக்க வுட்டான்னு சொல்லுவாங்க.”

“சொல்லட்டும். குடிகாரன்னு சொல்றத விடவா?”

“வீடு?”

தூறல் பம்பின் மேல் விழுந்து வழிந்தது.

“அத்தை, எழுதினா வீடு போகாதுன்னு என்னால சொல்ல முடியாது. எழுதாட்டி மாசக் கடைசியில போகுது. அது மட்டும் நிச்சயம். பஸ் ஏறிப் போயி கவர்மெண்ட் லேபர் ஆபீஸ்ல இன்னிக்கே எழுதிக் குடுக்கலாம். உங்க ரெண்டு பேரு கையையும் அவங்க பாக்கட்டும். அதுக்கப்புறம் மாமாவ ஆஸ்பத்திரியில காட்டுவோம். இந்த நடுக்கத்துக்குப் பேர் சொல்ல ரத்தமே வேணாம், நல்ல டாக்டர் நடக்கச் சொல்லிப் பாத்தாலே சொல்லிருவாரு.”

அத்தை பம்பைப் பார்த்தார். காலால் ஒரு தள்ளு. அது பக்கவாட்டில் சாய்ந்து வாய்க்கால் ஓரத்தில் போய் முட்டி நின்றது.

“மத்த ஆறு பேரு பேர எழுதாத. அவளுங்க கேட்டுக்கிட்டு எழுது. எம்பேர எழுது.” மாமாவின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். “எந்திரிங்க. நல்ல சட்ட மாத்தணும். பஸ்ஸு எத்தன மணிக்கு?”

“ரெண்டே காலுக்கு.”

நான் ஆபீஸுக்குத் திரும்பியபோது ரொட்டித் தட்டை எடுத்துவிட்டிருந்தார்கள். மேஜையில் ரிப்போர்ட் விரித்திருந்தது. பேராசிரியரின் கையெழுத்து காய்ந்துவிட்டிருந்தது. அதற்குக் கீழே எனக்கென்று ஒரு கோடு.

“அளவெல்லாம் உங்களோடது. ஒரு கையெழுத்துப் போடுங்க. கட்டுரையிலே உங்க பேரும் வரும்” என்றார். குரலில் என்னை மன்னித்துவிட்ட பெருந்தன்மை இருந்தது. எங்கள் லயத்திலிருந்து ஒரு பெயர் அச்சில் வரும். அந்த ஆசை எனக்கு இல்லை என்று சொல்லமாட்டேன். இருந்தது.

பேனாவை எடுத்தேன். ‘31, வேலாயி, கொழுந்து’ என்ற வரியில் கடைசிச் சொல்லை அடித்தேன். ‘மருந்து அடிப்பவர், நான்கு வருடம், கணவர் பெயரில்’ என்று எழுதினேன். கையெழுத்துக் கோட்டை அப்படியே விட்டேன்.

பேராசிரியர் தாளை இழுத்துப் பார்த்தார். “எந்த ஆய்விலும் இந்த மாதிரி கொஞ்சம் கசடு இருக்கும், மிஸ் அம்மு. அடுத்த தடவை சரியாச் செய்யலாம். அடுத்த தடவைங்கிறது இவர் மனசு வச்சாத்தான் உண்டு.”

“உங்களுக்குத் தெரியும் சார். நேத்தே தெரியும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுக்கே இல்லாத கண்ணாடி.

துரை நல்லுசாமி நாற்காலியில் சாய்ந்தார். “ஆள் மாத்தி வேலை செஞ்சதா எழுதிக் குடுத்துட்ட. நல்லது. இன்னிக்கே வீட்டக் காலி பண்ணச் சொல்றேன்.”

“சொல்லுங்க துரை. காரணத்த எழுத்துல குடுங்க. மருந்து அடிக்கிறவங்கன்னு தெரிஞ்சே அவங்களை மருந்து தொடாதவங்க பட்டியல்ல யாரு டிக் போட்டதுன்னும் அதுலயே எழுதுங்க.”

துரை டிரெஸ்ஸரைப் பார்த்தார். டிரெஸ்ஸர் தன் செருப்பைப் பார்த்தார். அந்த அறையில் மூன்று தமிழர்கள், மூன்று பேரும் படித்தவர்கள், எங்கள் ஆட்கள் என்று ஊரே பெருமை பேசிக்கொள்ளும் மனிதர்கள். ஒருவர் முகத்தையும் இன்னொரு நிமிடம் பார்க்க என்னால் முடியவில்லை. ஆய்வுக்கூட நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். முப்பத்தாறு எண்களும் அதில் என் கையெழுத்தில் இருந்தன.

“அது டிபார்ட்மெண்ட் நோட்டு” என்றார் பேராசிரியர்.

“நகல் எடுத்துட்டுத் தபால்ல அனுப்பறேன்.”

“இப்போ வெளியே போனீங்கன்னா லேப்புக்குத் திரும்பி வர வேண்டாம். மாஸ்டர்ஸையும் மறந்துடுங்க.”

“அத யோசிச்சுட்டுத்தான் சார் உள்ள வந்தேன்.”

கதவைத் தள்ளினேன். மழை வலுத்திருந்தது. கீழே ரோட்டோரம் பஸ் நிற்கும் இடத்தில் வேலாயி அத்தை நின்றபடி மாமாவின் சட்டைப் பித்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். இரண்டடிக்க இன்னும் ஐந்து நிமிடம். படியிறங்கினேன்.